சுவரின் இடது மூலை

22 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். வண்டி மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பிற்று. மழைக்கோட்டில் தோள்பட்டைத் தையல் விட்டிருக்கிறது.

உறுதியானது இதுவரை: மில் சுவர் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார்கள். மனு ரசீது மட்டும் போட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். இல்லை. தகவல்: ஸ்டேஷன் ரைட்டர், நேரில், மாலை 4.10. ரசீதைப் பார்த்தேன். எதிர்மனுதாரர் முத்துலெட்சுமி (இனி மு.லெ.), வயது 22, கடையம். அதற்குக் கீழே "மற்றும் சிலர்".

சுவரில் வேலை செய்தது பதினோரு பேர். மனுவில் பெயரோடு இருப்பது ஒருத்தி. நேற்றுக் காலைத் தகராறை யாரோ செல்லில் எடுத்திருக்கிறார்கள். அதில் முகம் தெளிவாகத் தெரிவது அவளுக்குத்தான்.

அவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், நீளம் தாண்டுதல் எல்லாம் முடித்துவிட்டாள். பாக்கி இருப்பது நன்னடத்தை விசாரணை. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்கள் மீது வழக்கு ஏதும் இருக்கிறதா? மனு ரசீது வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். வழக்கு. இடையில் இருப்பது இன்ஸ்பெக்டரின் ஒரு கையெழுத்து.

செய்தி அனுப்பவில்லை. பின்னால் குழம்பாமல் இருக்க இங்கே வரிசையாக.

சுவர்: குற்றாலம் போகிற ரோட்டில், எல்லாரும் லாத்தா (அக்கா) என்று கூப்பிடும் ரஹ்மத்தின் மாவு மில், அதன் பக்கச் சுவர். 64 அடி. ஜெனிபா நடத்தும் இளைஞர் கலைக்குழு வரைகிறது. தென்காசி, கடையம், சுரண்டைப் பிள்ளைகள். முதல் மூன்று வாரம் யாரும் பிரஷ்ஷைத் தொடவில்லை. சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி: "சுவர்ல உங்க வீட்டுச் சாமான் ஒண்ணு வரையணும்னா எதைச் சொல்லுவிய?"

என் நோட்டில் இருக்கும் பதில்கள் சில:
- சவூதி தம்மாமிலிருந்து வந்த பெட்டி, மேலே மார்க்கரில் பெயரும் நம்பரும்
- மகன் பட்டாளத்திலிருந்து அனுப்பிய பச்சை பிளாஸ்க்
- மீன் வெட்டும் அரிவாள்மணை
- ஸ்ட்ராப் அறுந்த ஸ்கூல் பை ("அத வரைஞ்சாலாவது வாங்கித் தருவாரு")
- ஒன்றும் வேண்டாம், தெருவிளக்கு எரிந்தால் போதும்

இந்த மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. டப்பாதான் நிற்கும். கோதுமையோ மிளகாயோ போட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள், முறை வந்ததும் லாத்தா அரைத்து வைப்பாள். அதையே படமாக எடுத்துக்கொண்டார்கள். சுவர் முழுக்க டப்பா வரிசை. ஒவ்வொரு டப்பாவின் மேலும் அந்தந்த வீடு சொன்ன சாமான். முக்கால் சுவர் முடிந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறது. இதை நான் சுலபத்தில் எழுதுகிறவன் இல்லை.

தகராறு: இடது கீழ் மூலையில் ஒரு கட்சி சுவரைப் பிடித்து வைத்திருந்தது. வழக்கம்போல, கட்சிப் பெயர், "அனைத்துப் பக்கமும்", தேர்தல் ஆண்டு. பிள்ளைகள் அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். நேற்று வட்டச் செயலாளர் (இனி வ.செ.) நாலு பேரோடு வந்தார். கட்சிப் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.

"ஏட்டி, கட்சிப் பேரு மேலயா வெள்ளையடிக்க?"

"சுவருக்காரங்களக் கேட்டுத்தான் அடிச்சோம்," என்றாள் மு.லெ. பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. வீடியோவில் இருப்பது இவ்வளவுதான்.

பிரஷர் மாத்திரை தீரப் போகிறது.


23 ஜூலை, புதன்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதிவிடுகிறேன்.

திங்கள் காலை, சத்தம் அடங்கிய பிறகு, எதிர் டீக்கடை. வ.செ. தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாலடி உயரத்துக்கு எழுதி வச்சிருந்தோம்ல. எவ்வளவு தெனாவட்டு பாரு."

நான் பக்கத்து பெஞ்சில். வாய் சும்மா இருக்கவில்லை.

"நாலடி இல்ல அண்ணாச்சி. ஒரு சாண்தான் இருக்கும். எங்கிட்ட படம் இருக்கு."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "படம் இருக்கா?"

அதுவரை அவரிடம் எதுவும் இல்லை. எந்தச் சுவரில் எந்தப் பையன் எழுதினான் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போயிருப்பார். டீ குடித்து முடித்து நேரே ஸ்டேஷனுக்குப் போனார். மனுவில் ஏழாவது வரி: "பத்திரிகை நிருபர் ஒருவரிடம் புகைப்பட ஆதாரம் உள்ளது."

முப்பத்தோரு வருஷமாக அடி, சாண், வயது, தெரு என்று திருத்தித் திருத்தியே பழகிவிட்டது. தப்பான அளவு காதில் விழுந்தால் பொறுக்காது. அந்தப் படமும் பழக்கத்தில் எடுத்ததுதான். எந்த வேலை ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கும் முன் ஒன்று, முடிந்தபின் ஒன்று. ஜூலை 12, சனி, காலை 7.40. வெறும் சுவர். இடது மூலையில் நீல எழுத்து.

காலை 6.15க்கு மு.லெ.யின் அப்பா போன். கடையத்தில் விவசாயம். வயலில் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"அண்ணாச்சி, ஒரு படம் இருக்காமே."

"ஆமா."

"அத அழிச்சிருங்களேன்."

அவர் மோட்டாரை அணைத்தார். பிறகு: "எங்க குடும்பத்துல மூணு பேரு டிபார்ட்மெண்டுல இருக்காங்க. விசாரணைன்னு ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தரும் நின்னது கிடையாது. அவ நின்னுட்டா, வேல மட்டும் போகாது பாத்துக்கிடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மதியம் ஜெனிபாவைப் பார்த்தேன். இருபத்தொன்பது வயது, ஒரு நாளில் நாற்பது ஆனவள்போல இருந்தாள். நேற்று ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்துவிட்டாளாம்: சுவரில் எந்த எழுத்தும் இருந்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பத்துப் பேர் கையெழுத்து. மு.லெ. கடையம் போயிருந்ததால் அவள் கையெழுத்து இல்லை.

"உண்மையில யாரும் பாக்கலையா?"

"அண்ணாச்சி, நீங்க இப்ப பேப்பர்காரரா கேக்கியளா, தெரிஞ்சவரா கேக்கியளா?"

"ரெண்டுக்கும் கேள்வி ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டுக்கும் பதில் கிடையாது."

மாலை வ.செ. வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். காப்பி வந்தது. மனுவைத் திரும்ப வாங்கலாமே என்றேன். "பிள்ளைங்க மேல எனக்கென்ன கோவம்? ஆனா எதிர்க்கட்சிக்காரன் பாத்துட்டு இருக்கான்லா. ஒரு சுவர விட்டா ரோடு பூரா விடணும். நீங்க உள்ளதச் சொன்னாப் போதும். நீங்கதான் சாட்சி." மரியாதையாகத்தான் பேசினார். திரும்பும்போது வண்டி ஒரே உதையில் கிளம்பிற்று.


24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லை. காலை செய்தி: கூட்டம், போக்குவரத்து மாற்றம், தண்ணீர் அளவு சீர். 14 வரி. போட்டோ 2.

இன்ஸ்பெக்டரும் அங்கேதான், பந்தோபஸ்து. தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. பழக்கடை ஓரமாகக் கூப்பிட்டார். பின்னால் மைக்கில் ஒரு குழந்தை காணவில்லை, சிவப்பு டவுசர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"திங்கக்கிழம பதினோரு மணிக்கு விசாரணை. படத்தோட வந்திருங்க."

"வரலன்னா?"

"எழுத்துல கேப்பேன். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித் தானாகவே சொன்னார்: "சுவருக்காரம்மா ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சிரும். என் சுவரு, நான் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன், இந்தக் கட்சிக்காரங்க எங்கிட்ட கேக்கல. அவ்வளவுதான். அந்தம்மா அனுமதி இல்லாம எழுதினதே தப்புன்னு ஆயிரும், மனுவ முடிச்சு வச்சிருவேன். அது இல்லன்னா, மேலருந்து ஒரு போன் வந்தா எஃப்.ஐ.ஆர். போடாம என்னால இருக்க முடியாது."

"போன் வந்துச்சா?"

"இன்னும் வரல," என்றார். "இன்னும்" என்பதைக் கொஞ்சம் அழுத்தி.

குழந்தை கிடைத்துவிட்டது. டவுசர் சிவப்பு இல்லை, ஆரஞ்சு. அதைச் செய்தியில் சேர்க்கவில்லை.

இன்று மூன்று முறை அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். குப்பைத்தொட்டிக் குறி திரையில் வலது கீழே இருக்கிறது. கட்டை விரலுக்கு வெகு பக்கம்.


25 ஜூலை, வெள்ளி

காற்று. கரண்ட் இரண்டு தடவை போயிற்று.

பதினொன்றரைக்கு மு.லெ. ஆபீசுக்கு வந்தாள். கூட சாகுல், குழுவில் ஒருவன், தென்காசிப் பையன், அப்பா தம்மாமில். ரெண்டு பேரும் நனைந்து. சாகுல் மின்விசிறிக்குக் கீழே போய் நின்றான். கரண்ட் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தான்.

படத்தைக் காட்டச் சொன்னாள். விரலால் பெரிதாக்கி மூலைக்கு நகர்த்தினாள்.

"இதுதான். நான் பாத்தேன் அண்ணாச்சி."

"ஜெனிபா யாரும் பாக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கா."

"அக்கா எங்களக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னா. ஆனா நான் பாத்தேன்லா. வாளியக் கீழ வச்சிட்டு உள்ள போய்க் கேட்டேன். லாத்தா, மூலையில கட்சிப் பேரு எழுதியிருக்கு, என்ன செய்யன்னு. மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் அடின்னு சத்தமாச் சொன்னாங்க. வந்து அடிச்சேன்."

"இத விசாரணையில சொன்னா அழிச்சது நீதான்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி."

"தெரியும்."

சாகுல்: "ஏட்டி, நாளைக்குப் போலீஸாயி எங்கள எல்லாம் புடிக்கத்தான் போற. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பொய் சொல்லேன். நம்ம ஊருக்காக."

"மொதல்ல உன்னத்தான் புடிப்பேன். ஹெல்மெட் இல்லாமத்தான வந்த?"

"நீயும்தான பின்னால உக்காந்து வந்த."

அவள் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. "மொதமொத ஸ்டேஷனுக்குள்ள போறப்பயே பொய் சொல்லிட்டுப் போயி, அப்புறம் அங்கனயே எப்படி அண்ணாச்சி வேல பாக்க?"

படத்தை அழிக்கச் சொல்லத்தான் வந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது பிரிண்ட். இரண்டு. பெரிதாக.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"திங்கக்கிழம தெரியும்."

நானும் சொல்லிவிட்டேன், டீக்கடையில் வாயைத் திறந்தது நான்தான் என்று. கேட்டுக்கொண்டாள். "ஒரு சாண்தான் இருந்துச்சு," என்றாள். "நீங்க சொன்னது சரிதான்." அதற்குத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

மாலை ஜெனிபா போனில். "அவ ஒருத்தி உண்மை சொன்னா நாங்க பத்துப் பேரும் பொய் சொன்னதா ஆயிரும்லா. மூணு வாரம் வீடு வீடாப் போனோம். எங்க பிள்ளைங்கள நம்பித்தான் அந்தச் சனங்க சாமான எடுத்துக் காட்டினாங்க. நாளைக்கு எவ வீட்டு வாசல்ல போயி நிக்க?"

பிழை யாருடையது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஸ்டுடியோவில் பிரிண்ட் சொல்லியாயிற்று. மூன்று. ஒன்று எனக்கு.


26 ஜூலை, சனி

மில். காலை 10 முதல் 11.20 வரை. பார்த்ததும் கேட்டதும் மட்டும்.

வாசலில் ஒன்பது டப்பா. மிளகாய் நெடி. ரஹ்மத் லாத்தா, ஐம்பத்திரண்டு, முக்காட்டை மூக்கு வரை இழுத்துக் கட்டி மிஷின் பக்கத்தில். கணவர் சவூதியில், மில் முழுக்க இவள் பொறுப்பு. மு.லெ. ஒரு தாளை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் கேட்ட அந்த வாசகம், நேற்று நான் சொன்னதை வைத்து அவளே எழுதியது. கீழே கையெழுத்துக்கு இடம்.

லாத்தா படித்தாள். கையால் தொடவில்லை, கையெல்லாம் மாவு என்றாள். மு.லெ. அவள் கண்ணுக்கு நேரே தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுல எழுதியிருக்கது நெசந்தான். போன தேர்தலுக்கு அந்தக் கட்சிக்காரன் கேட்டான், ஒரு தடவைக்குன்னு குடுத்தேன். முடிஞ்சதும் நானே வெள்ளையடிச்சேன். இந்தத் தடவ கேக்கவே இல்ல. எப்ப வந்து எழுதினானுவன்னே தெரியாது."

"அப்ப கையெழுத்துப் போடுங்க லாத்தா."

"மாட்டேன்."

மிஷின் சத்தம்.

"மேல பாரு." முன்புறத் தகரக் கொட்டகை சாக்கடையைத் தாண்டி இரண்டடி வெளியே நிற்கிறது. (அளக்கவில்லை. இன்று அளக்கக் கூடாது என்று தோன்றியது.) "அது ரோட்டுக்குள்ள இருக்கு. அவனுக்குத் தெரியும். நான் இதுல கையெழுத்துப் போட்டா நாளான்னைக்கு ஜே.சி.பி. வரும். எனக்கு இந்த மிஷின விட்டா என்ன இருக்கு? உன்மேல இரக்கம் இருக்கு மக்கா. தாள எடுத்துட்டுப் போ."

அப்போது ஒரு பெண் வேகமாக வந்து வரிசையில் நாலாவதாக ஒரு டப்பாவைச் செருகிவிட்டு, கோதுமை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பினாள். லாத்தா மூடியைத் திறந்து பார்த்து, அதைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"வெறும் டப்பாவுக்கு இங்க இடம் கிடையாது. சாமான் போட்டு வை, நீ வராட்டாலும் உன் முறை உனக்குத்தான். இருவது வருசமா இதான்."

சாகுல் வாசலிலிருந்து: "அப்ப அவங்க மூலையில எழுதி வச்சதும் வெறும் டப்பாதான லாத்தா?"

டப்பாக்காரிகள் இரண்டு பேர் சிரித்தார்கள். லாத்தா சிரிக்கவில்லை. "ஏலே, உங்க வாப்பாட்ட போன் போட்டுச் சொல்லுதேன்," என்றாள். ஆனால் கொஞ்ச நேரம் மிஷினில் எதுவும் போடாமல் நின்றாள்.

மு.லெ. தாளை மடித்தாள். கெஞ்சவில்லை. வெளியே வந்து அதைப் பைக்குள் வைத்தாள். சாகுல் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டான்.

மதியம் 1.45: ரைட்டர் போன். "மேலருந்து கேட்டாங்க அண்ணாச்சி. மனு என்ன ஆச்சுன்னு மட்டும்." அந்தப் போன் வந்துவிட்டது.

பிரிண்ட் வாங்கினேன். நீல எழுத்து தெளிவாக இருக்கிறது. இதை வைத்து இரண்டையும் நிரூபிக்கலாம்: எழுத்து இருந்தது, அது அழிக்கப்பட்டது. கேட்காமல் எழுதினார்கள் என்பதை நிரூபிக்காது. அதற்கு லாத்தா வேண்டும்.

நான் திங்கட்கிழமை போகிறேன், படத்தோடு. சாண் என்றால் சாண் என்றே சொல்வேன். மு.லெ. அப்பாவுக்கு இரண்டு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.


27 ஜூலை, ஞாயிறு

வெயில், பிறகு சாரல், மறுபடி வெயில். சுரண்டையில் ஒரு கல்யாணம். சாம்பாரில் உப்பு அதிகம். பிரஷர் மாத்திரை வாங்கியாயிற்று.

திரும்பும் வழியில் ஐந்தரை மணிக்கு மில் பக்கம் நிறுத்தினேன். ஞாயிறு மில் பூட்டு. சுவரில் நாலு பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜெனிபாவும். மூக்கில் மஞ்சள் பெயிண்ட். என்னைப் பார்த்தாள், தலையை மட்டும் அசைத்தாள். இடது மூலையை அப்படியே விட்டிருக்கிறார்கள், நாலடிக்கு வெள்ளை. அதற்குப் பக்கத்தில் தம்மாம் பெட்டி முடிந்துவிட்டது. நம்பரில் கடைசி இரண்டு எண்ணை வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள், யாராவது போன் போட்டுவிடக் கூடாதென்று.

"நாங்க எழுதிக் குடுத்தத திரும்ப வாங்கப் போறோம்," என்றாள் ஜெனிபா, பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே. "நான் மட்டும் முடிவு பண்ணல. ஓட்டு எடுத்தோம். ஆறுக்கு நாலு."

"நாலு யாரு?"

"அத எழுதாதீய."

மில் வாசலில் நாளைக்கான டப்பாக்கள் இப்போதே வந்துவிட்டன. சாரலுக்குக் கொட்டகைக்கு அடியில், சுவரோரமாக. ஏழு எண்ணினேன். முதலாவது புது எவர்சில்வர் டப்பா, மூடியில் சிவப்பு நெயில் பாலிஷில் "மு.லெ. கடையம்". இந்த ரோட்டில் அவளுக்கு வீடு இல்லை. பன்னிரண்டு மைலுக்கு அந்தப் பக்கமிருந்து மாவு அரைக்க யாரும் இங்கே வருவதில்லை.

போன் போட்டேன். பின்னால் பஸ் சத்தம்.

"நீ வச்சதா?"

"ஆமா அண்ணாச்சி. மூணு மணிக்கே வந்து வச்சேன்."

"உள்ள?"

"தாளு. மழைக்கு பிளாஸ்டிக் கவர்ல போட்டிருக்கேன். பேனாவும்."

"வெறும் டப்பாவக் காலால தள்ளுவாங்களே."

"வெறும் டப்பா இல்ல. ரெண்டு கிலோ கோதும இருக்கு. தாளு மேல இருக்கு. எடுக்காம அரைக்க முடியாது." பிறகு: "கையெழுத்துப் போடலன்னாலும் மாவு அரைச்சுத் தந்திருவாங்கல்லா. அப்பா வாங்கிட்டுப் போவாரு. நாளைக்கு வாராரு. சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அது யாரு வீட்டு டப்பான்னு கேட்டாரு. நம்ம வீட்டுதுன்னேன்."

அங்கிருந்து கிளம்பும்போது எட்டாவது டப்பா வந்தது. வைத்தவள் முதல் டப்பாவின் மூடியைப் படித்துவிட்டு, சாரல் படாமல் அதைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தாள். முறை மாறாமல்.

நிலுவை:
லாத்தா கையெழுத்து. இன்னும் இல்லை. மில் திறப்பது காலை 9.
விசாரணை 11.
முதல் டப்பா அரைக்க எப்படியும் பத்து நிமிஷம்.